ஓட்டுநரின் சினமும் மலைப்பாதையின் நாற்பது நிமிடமும்

திருமலையிலிருந்து திருப்பதிக்கு இறங்கும் வாகனங்களுக்கு மேலேயுள்ள சாவடியில் புறப்பட்ட நேரம் குறிக்கப்படுகிறது. ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதையைக் கடந்து அலிபிரி வந்து சேர 40 நிமிடத்திற்குக் குறையாமல் ஆக வேண்டும் என்பது திருமலை திருப்பதி தேவஸ்தானம் விதித்த கட்டுப்பாடாகும். ஏறும் பாதைக்கு இந்த வரையறை 28 நிமிடம். இதற்கு முன்னதாக வந்து சேர்ந்தால் ஓட்டுநர் தண்டம் செலுத்த நேரிடும். நாட்டின் பிற சாலைகளிலெல்லாம் தாமதமே குற்றம். பேருந்து நிலையத்தின் நேரக் காப்பாளரும், சரக்கை எதிர்நோக்கும் வணிகரும், காரின் பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் பயணியும் விரைந்து வந்தவனையே மெச்சுகின்றனர். முன்கூட்டி வந்ததற்காகத் தண்டம் விதிக்கும் சாலை அரிது.

விபத்துத் தடுப்புக்காக ஏற்பட்ட இந்த எளிய விதி, ஓட்டுநர்களின் மூர்க்கம் என்னும் பெரிய பிரச்சினையின் வேரைத் தொடுகிறது. சாலையில் காணப்படும் மூர்க்கத்திற்கு ஓட்டுநரின் குணக்கேடே காரணம் என்று கருதி, அறிவுரைப் பலகைகளை நாட்டுவதோடு அமைந்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. நிமிடங்களுக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள், அந்த விலை யார் பைக்குப் போகிறது என்ற கேள்வி கேட்கப்படுவதில்லை. சித்தூர், திருப்பதி வட்டாரச் சாலைகள் இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைந்துள்ளன.

தவறும் மீறலும் மூர்க்கமும்

சாலையில் நிகழும் பிழைகள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. வளைவின் கூர்மையைத் தவறாகக் கணித்தல் தவறு. வேக வரம்பு 40 என்று தெரிந்தே 60-இல் செல்லுதல் மீறல். முன்னே செல்லும் வாகனத்தை இரண்டு முழ இடைவெளியில் விரட்டுதல், விடாது ஹாரன் ஒலித்தல், முந்த முயல்பவனுக்கு வழிவிடாமல் வேகத்தைக் கூட்டுதல், முந்திய பின் வேண்டுமென்றே குறுக்கே ஒடித்துத் திருப்புதல், எதிரே வருபவனின் கண் கூசும்படி முகப்பு விளக்கை முழு ஒளியில் நிறுத்துதல் ஆகியவை மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. இவற்றில் மற்றொரு மனிதனை அச்சுறுத்தியோ தண்டித்தோ தன் வழியைப் பெறும் நோக்கம் உள்ளது. இந்த மூன்றாவது வகையே இக்கட்டுரையின் பொருள்.

அரசின் புள்ளிவிவரங்களில் மூர்க்கம் என்று தனித் தலைப்பு இல்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்து, 1,68,491 பேர் உயிரிழந்தனர். இம்மரணங்களில் 71.2 சதவீதம் 'மிகை வேகம்' என்னும் தலைப்பின் கீழ் வகைப்படுத்தப்பட்டுள்ளது. தூக்கக் கலக்கத்தில் வேகமுள்ளை மிதித்தவனும், தன்னை முந்திச் சென்ற காரைப் பழிவாங்கத் துரத்தியவனும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடுகின்றனர். விபத்து நடந்த இடத்திற்கு வரும் காவலர் சக்கரத் தடங்களை அளக்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் முன்பு இரு ஓட்டுநர்களுக்கிடையே நடந்ததை அளக்கும் கருவி அவரிடம் இல்லை.

சட்டம் இதனை ஓரளவு அறிந்தே உள்ளது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுதலைக் குற்றமாக்குகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே, சிவப்பு விளக்கைத் தாண்டுதல், விதிக்கு மாறாக முந்துதல், போக்குவரத்தின் எதிர்த்திசையில் செல்லுதல் போன்றவை அப்பிரிவில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. முதல் முறைக் குற்றத்திற்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தண்டனை போதிய அளவு கடுமையானதே. ஆயினும் சினம் மூண்ட கணத்தில் எந்த ஓட்டுநரும் சட்டப் பிரிவை எண்ணிப் பார்ப்பதில்லை.

எழுபது கிலோமீட்டரில் எத்தனை அவசரங்கள்

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தின் வட ஆற்காட்டில் அடங்கியிருந்த இப்பகுதி, 1911-இல் சித்தூர் மாவட்டமாக உருப்பெற்றது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மூன்று மாநிலங்கள் கூடும் முனை இது. வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் தமிழ்நாட்டு வாகனங்கள், முல்பாகல், பலமநேர் வழியாக இறங்கும் கர்நாடக வாகனங்கள், உள்ளூர் ஆந்திர வாகனங்கள் எல்லாம் ஒரே சாலையில் கலக்கின்றன. பூதலப்பட்டு அருகே ஒருவன் தெலுங்கில் திட்டினால் மற்றவன் தமிழில் பதில் கூறுகிறான். இருவருக்கும் இரு மொழியும் ஓரளவு புரியும் என்பதால், பொருள் விளங்காமல் தணிந்துபோகும் வாய்ப்பும் இங்கே குறைவு.

இச்சாலையில் செல்வோரின் அவசரங்களைப் பிரித்துப் பார்த்தல் பயனுடையது.

முதலில் யாத்திரிகர். திருமலைக்கு நாள்தோறும் 60,000 முதல் 80,000 பேர் வரை வருகின்றனர். முன்னாளில் யாத்திரிகர் வரிசையில் நின்று காத்திருந்தனர். எப்பொழுது தரிசனம் கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. இப்போது 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுச் சீட்டிலும், நேரம் குறித்த இலவச தரிசனச் சீட்டிலும் வர வேண்டிய வேளை அச்சிடப்பட்டுள்ளது. காத்திருப்பை முறைப்படுத்திய நல்ல ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கூடத்தில் குறைந்த நெருக்கடியின் ஒரு பகுதி சாலைக்கு இடம்பெயர்ந்துள்ளது. பெங்களூரிலிருந்து 250 கிலோமீட்டர் கடந்து வரும் குடும்பம் சீட்டையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது. பின் இருக்கையின் பதற்றம் ஓட்டுநரின் கால் விரல் வரை வந்து சேர்கிறது.

அடுத்து வாடகைக் கார், ஜீப் ஓட்டுநர்கள். திருப்பதி பேருந்து நிலையம், ரயில் நிலையம், அலிபிரி ஆகிய இடங்களில் ஆள் சேர்த்து மலைக்குச் செல்லும் வாகனங்களில் ஓட்டுநரின் வருவாய் நடைக் கணக்கில் அமைகிறது. நாளில் ஒரு நடை கூடினால் அன்றைய டீசலும் வாகனத் தவணையும் போக வீட்டிற்குக் கொண்டு செல்லச் சிறிது மிஞ்சும். ஒரு நடை குறைந்தால் மிஞ்சாது. ஆகவே அவர் கணக்கில் பத்து நிமிடம் என்பது காலம் மட்டுமன்று, அது காசு.

மூன்றாவதாக, வேளாண் சரக்கு ஏற்றிச் செல்வோர். ஜூன், ஜூலை மாதங்களில் சித்தூர் வட்டாரத்தின் மாங்கூழ்த் தொழிற்சாலைகளின் முன்னே கிளிமூக்கு என்று தமிழிலும் தோத்தாபுரி என்று அங்கும் வழங்கும் மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசையில் நிற்பது ஆண்டுதோறும் காணும் காட்சி. விளைச்சல் மிகுந்து விலை சரிந்த 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் இக்காத்திருப்பு நாள்கணக்கில் நீண்டது. வெயிலில் பழம் கனிந்து அழுகும்; எடை குறையும்; விலை இறங்கும். சரக்கை இறக்கிய பின் அடுத்த சுமைக்காகத் தோப்பை நோக்கித் திரும்பும் ஓட்டுநர் இழந்த இரண்டு நாட்களைச் சாலையில் மீட்க முனைகிறார். அதே சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கரும்பு டிராக்டர் அவருக்கு எதிரியாகத் தோன்றுகிறது.

இம்மூவரும் சந்திக்கும் இடத்தில் மூர்க்கம் பிறக்கிறது. மூவரில் எவரும் பிறவிக் கொடியவர் அல்லர். சற்று முன் காரில் முன்னவனை ஹாரனால் விரட்டியவரே, மலை மேல் வரிசையில் அடுத்தவர் காலை மிதித்துவிட்டால் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறார்.

உளவியல் கூறுவது

குறிக்கோளை அடையும் வழியில் தடை ஏற்படும்போது ஆத்திரம் எழுகிறது என்ற கருத்தை, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொலார்டும் அவருடைய தோழர்களும் 1939-இல் விரித்துரைத்தனர். தடை உண்டானால் வலுச்சண்டை உறுதி என்ற அளவிற்கு அவர்கள் சென்றது பின்னர்த் திருத்தப்பட்டது. தடையை மனிதன் எவ்வாறு பொருள் கொள்கிறான் என்பதும் முக்கியம். ரயில்வே கேட் மூடியிருந்தால் எவரும் கேட்டைத் திட்டுவதில்லை. முன்னால் நிற்கும் ஆட்டோ பயணியை ஏற்ற நின்றால் திட்டு விழுகிறது. இரண்டிலும் இழப்பு ஒன்றே. இரண்டாவதில் மட்டும் குற்றவாளி ஒருவன் கண்ணுக்குத் தெரிகிறான்.

1968-இல் டூப், குரோஸ் என்னும் இருவர் கலிபோர்னியாவில் நடத்திய சோதனை இத்துறையில் பலரும் அறிந்தது. பச்சை விளக்கு எரிந்த பின்னும் கார் ஒன்று வேண்டுமென்றே நகராமல் நிறுத்தப்பட்டது. சில வேளைகளில் அது விலையுயர்ந்த புதிய கார், சில வேளைகளில் பழைய கார். பழைய காரின் பின் நின்றவர்களில் மிகப் பலர் ஹாரன் ஒலித்தனர். விலையுயர்ந்த காரின் பின் நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரே ஒலித்தனர். வியப்பு என்னவெனில், இத்தகைய நிலையில் என்ன செய்வீர்கள் என்று மாணவர்களைத் தனியே வினவியபோது, ஆண் மாணவர்கள் இதற்கு நேர்மாறாக விடையளித்தனர். தன் சினம் எவர் மேல் பாயும் என்பது சினப்படுபவனுக்கே தெரிவதில்லை. சித்தூர்ச் சாலையில் ஆட்டோவும் டிராக்டரும் பெறும் ஹாரன் ஒலியையும், சுழல் விளக்கு வைத்த வாகனம் பெறும் பொறுமையையும் கண்டவர்களுக்கு இம்முடிவு புதிதாயிராது.

வெப்பமும் ஒரு காரணம். 1986-இல் கென்ரிக், மக்ஃபார்லேன் இருவரும் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் இதேபோன்ற சோதனையைக் கோடைக்காலத்தில் நடத்தினர். வெப்பம் ஏற ஏற ஹாரன் ஒலியும் ஏறியது. காரின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, குளிர்சாதனமின்றி இருந்தவர்களிடம் இத்தொடர்பு மேலும் வலுவாகக் காணப்பட்டது. திருப்பதியில் மே மாதத்தில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். லாரியின் கேபினில் என்ஜினின் சூடும் சேர்ந்துகொள்கிறது.

'மனிதன் வாழ்வது போலவே ஓட்டுகிறான்' என்ற கருத்தும் நெடுநாளாக உண்டு. கனடாவில் டில்மன், ஹாப்ஸ் ஆகியோர் வாடகைக் கார் ஓட்டுநர்களிடையே நடத்திய 1949-ஆம் ஆண்டின் ஆய்விலிருந்து அது பரவியது. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நிர்வாகத்திற்கு இதனால் பயன் குறைவு. இலட்சக்கணக்கான ஓட்டுநர்களின் வாழ்க்கையைத் திருத்தும் துறை எதுவும் அரசிடம் இல்லை. அவர்கள் ஓட்டும் சூழ்நிலையைத் திருத்துவது மட்டுமே இயலும்.

நிமிடத்தின் கணக்கு

மூர்க்கத்தால் ஓட்டுநர் பெறும் இலாபம் எவ்வளவு? சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 70 நிமிடம். சராசரி 70 என்றால் 60 நிமிடம். ஊர்களும் சந்திப்புகளும் நிறைந்த சாலையில் சராசரியைப் பத்துக் கிலோமீட்டர் உயர்த்துவதற்கு, இடையிடையே 90, 100 என்று பாய வேண்டியிருக்கும். அவ்வளவு அபாயத்திற்கும் பலன் பத்து நிமிடம். மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்லும் டிராக்டரின் பின்னே ஒரு கிலோமீட்டர் பொறுமையாகச் சென்றால் மூன்று நிமிடம் ஆகிறது; 50-இல் சென்றால் 1.2 நிமிடம். ஆக, வளைவில் உயிரைப் பணயம் வைத்து முந்துபவன் மீட்பது இரண்டு நிமிடத்திற்கும் குறைவான காலம். இக்கணக்கைப் பள்ளிச் சிறுவனும் போடலாம். சக்கரத்தின் பின் அமர்ந்தவன் போடுவதில்லை; அவன் மனத்தில் ஓடுவது மெதுவாகச் செல்லும் வேதனையே.

பொருளாதார நோக்கில் முக்கியமானது வேறொன்று. இரண்டு நிமிட இலாபம் முந்துபவனுக்கும், அவனை அனுப்பிய உரிமையாளருக்கும் போய்ச் சேர்கிறது. அபாயமோ எதிரே வருபவன், சாலையோரம் நடப்பவன், மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம் எனப் பலர் மீதும் பரவுகிறது. தொழிற்சாலை ஆற்றில் கழிவைக் கலப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. தனக்கு நேராத செலவை எவனும் குறைப்பதில்லை.

ஊதிய முறை இதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதற்குச் சிலி நாட்டின் தலைநகர் சாண்டியாகோ தெளிவான சான்று. அங்கே பேருந்து ஓட்டுநர்கள் பலருக்கு ஏற்றிய பயணிக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஊதியம் வழங்கப்பட்டது. சாலையில் பயணிக்காக ஒரு பேருந்து மற்றொன்றை விரட்டியது. மக்கள் இதற்குக் 'காசுச் சண்டை' என்ற பொருளில் பெயரே இட்டனர். நிலையான ஊதியம் பெற்ற ஓட்டுநர்களுடன் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், பயணிக் கணக்கில் ஊதியம் பெற்றோர் பயணிகளின் காத்திருப்பைப் பத்தில் ஒரு பங்கு குறைத்ததையும், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கூடுதலான விபத்துகளை ஏற்படுத்தியதையும் கண்டனர். இந்தியாவிற்குச் சாண்டியாகோ வரை செல்ல வேண்டியதில்லை. 1990-களில் தில்லியில் தனியாருக்கு அனுமதிக்கப்பட்டு, பின்னர் நீலக்கோட்டுப் பேருந்துகள் என்று பெயர் பெற்றவை வசூலுக்காக ஒன்றையொன்று முந்தி, உயிர்களைப் பலிகொண்டு, 2012-இன் இறுதிக்குள் சாலையிலிருந்து அகற்றப்பட்டன. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இரு தனியார் பேருந்துகள் 'டைமிங்' பற்றிச் சண்டையிடுவதைக் காணாதவர் இலர்.

ஆந்திரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் ஊழியர்கள் 2020 ஜனவரி முதல் அரசு ஊழியராக்கப்பட்டனர். மலைப்பாதையில் அவர்கள் ஓட்டும் பேருந்தில் நடை ஒன்று குறைந்தாலும் மாதச் சம்பளம் குறைவதில்லை. வாடகை ஜீப் ஓட்டுநரின் நிலை அதுவன்று. ஒரே பாதையில் இரண்டு ஊதிய முறைகள் அருகருகே ஓடுகின்றன. அரசுப் பேருந்துகள் விபத்தே செய்வதில்லை என்று கூற முடியாது. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மின்சாரப் பேருந்து ஒன்று இதே பாதையில் கவிழ்ந்தது. சம்பளம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. துரத்துவதற்கான ஒரு காரணத்தை மட்டும் நீக்குகிறது.

மலைப்பாதை செய்தது

திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944 ஏப்ரலில் திறக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் ஏறுவதும் இறங்குவதும் அப்பாதையிலேயே. ஏறும் வண்டி கீழ் கியரில் முக்கிச் செல்ல, எதிரே இறங்கும் வண்டி பிரேக்கை நம்பி வர, கொண்டை ஊசி வளைவுகளில் யார் ஒதுங்குவது என்ற கேள்வி ஒவ்வொரு திருப்பத்திலும் எழக்கூடிய அமைப்பு அது. 1974-இல் இரண்டாவது மலைப்பாதை அமைந்தது. புதிய பாதை ஏறுவதற்கும் பழைய பாதை இறங்குவதற்கும் என்று ஒதுக்கப்பட்டன. எதிரே வருபவன் என்ற ஒருவனே இல்லாமற் போனான். எவர் மனத்தையும் மாற்ற முயலாமல், தகராறுக்கான சந்தர்ப்பத்தை மட்டும் பொறியியல் அகற்றியது.

எஞ்சியது முன்னே செல்பவனோடு உள்ள போட்டி. அதனையே நேரக் கட்டுப்பாடு தொடுகிறது. ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஏற்றத்திற்கு 28 நிமிடம் என்றால் சராசரி வேகம் மணிக்கு 39 கிலோமீட்டருக்கு உட்பட்டது. இறக்கத்தில் அது 29-க்கும் கீழ். பத்து நிமிடம் முன்னதாக இறங்கிவிட்டால் அடுத்த நடைக்கு ஆள் பிடிக்கலாம் என்று எண்ணும் ஓட்டுநரும், அலிபிரியில் அப்பத்து நிமிடத்தைத் திரும்பச் செலுத்த வேண்டியிருக்கிறது. முந்துவதால் கிடைப்பது ஏதுமில்லை என்றான பின் முந்துபவர் குறைகின்றனர். முந்தாமல் செல்பவனைப் பின்னால் வருபவன் விரட்டுவதற்கும் காரணம் குறைகிறது. ஒரு இடத்தில் மட்டும் வேகத்தை அளக்கும் கருவிக்கு இந்த ஆற்றல் இல்லை; கருவியைக் கண்டதும் குறைத்து, கடந்ததும் கூட்டும் பழக்கம் எங்கும் உள்ளது.

இதிலும் ஓட்டை உண்டு. பாதையின் பெரும்பகுதியைப் பாய்ந்து கடந்துவிட்டு, வாயிலுக்குச் சற்று முன் ஓரமாக நின்று கடிகாரம் பார்க்கும் ஓட்டுநரை இம்முறையால் பிடிக்க முடியாது. அவ்வாறு நிற்கும் வாகனம் வளைவின் மறைவில் நின்றால் அதுவே புதிய அபாயம். இடையில் ஒன்றிரண்டு இடங்களில் நேரத்தைப் பதிவு செய்தால் இவ்வோட்டை பெருமளவு அடைபடும். இன்னொன்று: மலைப்பாதையில் இக்கட்டுப்பாட்டுக்கு இசையும் ஓட்டுநர், அலிபிரி வாயிலைத் தாண்டிய பின் கபிலதீர்த்தம் சாலையில் நுழைந்ததும் பழைய மனிதராகிவிடுகிறார். 2023 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஸ்ரீனிவாச சேது மேம்பாலம் நகரச் சந்திப்புகளின் நெரிசலைத் தணித்துள்ளது. சந்திப்புகளில் நிகழும் உரசல்களும் அந்த அளவிற்குக் குறையும். பாலத்தின் மேல் வேகம் கூடும் என்பது அதன் மறுபக்கம்.

பிற சாலைகளுக்கு

இம்முறையை மலைக்கு வெளியே கொண்டு செல்லலாமா? சித்தூரிலிருந்து பலமநேர் செல்லும் வழியிலுள்ள மொகிலி மலைச்சரிவில் 2024 செப்டம்பரில் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் இறந்தனர். சந்திரகிரியை அடுத்த பாகராபேட்டை மலைச்சரிவில் 2022 மார்ச்சில் திருமண வீட்டாரை ஏற்றி வந்த பேருந்து இரவில் பள்ளத்தில் வீழ்ந்தது. இவ்விரு சரிவுகளுக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. இரு முனைகளிலும் நேரத்தைப் பதிவு செய்வது தொழில்நுட்ப வகையில் கடினமன்று. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் 'ஃபாஸ்டேக்' கட்டாயமாக்கப்பட்டதால், ஒவ்வொரு வாகனமும் சாவடியைக் கடந்த நேரம் ஏற்கெனவே பதிவாகிறது. இத்தாலியின் நெடுஞ்சாலைகளில் இரு இடங்களுக்கிடையே சராசரி வேகத்தைக் கணக்கிடும் 'டூட்டர்' என்னும் முறை 2005 முதல் பயன்பட்டு வருகிறது. நம் சட்டத்திலும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 136-அ என்னும் பிரிவைச் சேர்த்து, மின்னணுக் கண்காணிப்புக்கு வழிசெய்துள்ளது.

ஆயினும் திருமலைப் பாதைக்கு இருக்கும் ஒரு வசதி மற்றவற்றிற்கு இல்லை. அங்கே நுழைவதும் வெளியேறுவதும் வாயில் வழியாக மட்டுமே. மொகிலியில் இடையில் கிராமத்துப் பாதைகள் இணைகின்றன. வேற்று மாநில வாகனத்திற்கு அனுப்பிய அபராதச் சீட்டை வசூலிப்பதும் எளிதன்று. மூன்று மாநில முனையில் இது சிறு குறை அல்ல.

ஓய்வு பற்றியும் கூற வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. ஐந்து மணி நேரத்திற்குப் பின் அரைமணி ஓய்வும் விதித்தது. ஒரே லாரியை வைத்து, கிளீனரும் இன்றி, பேட்டாவுக்கு ஓட்டும் மனிதரிடம் இவ்வரையறை எந்நாளும் சென்றடைந்ததில்லை. உறக்கமிழந்தவனுக்குச் சினம் எளிதில் வருகிறது என்பதை அறிய ஆய்வு தேவையில்லை. மாங்கூழ்த் தொழிற்சாலைகளின் முன் வரிசையில் நிற்போருக்கு எண் சீட்டும், நிழலும், படுக்க இடமும், குளிக்க நீரும் தரப்படுமாயின், அது சாலைப் பாதுகாப்புச் செலவாகவே கணக்கிடத் தக்கது.

உரிமம் வழங்கும்போது நடைபெறும் தேர்வு எட்டுப் போடுவதையும் பின்னோக்கி ஓட்டுவதையும் சோதிக்கிறது. மெதுவான வண்டியின் பின்னே பத்து நிமிடம் செல்லும் பொறுமையைச் சோதிப்பதில்லை. பயிற்சிப் பள்ளிகளில் அதனைக் கற்பிப்பது அவ்வளவு கடினமும் அன்று.

மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தந்த முயற்சி ஒன்று கென்யாவிலிருந்து வருகிறது. அந்நாட்டில் 'மடாட்டு' எனப்படும் சிற்றுந்துகளின் மூர்க்கம் பேர்போனது. ஹபியாரிமானா, ஜாக் என்னும் இரு பொருளியலறிஞர், சிற்றுந்துகளின் உள்ளே பயணிகள் பார்வையில் படும்படி ஒட்டுத்தாள்களை ஒட்டச் செய்தனர். ஓட்டுநர் அபாயகரமாக ஓட்டினால் வாய்திறந்து கண்டியுங்கள் என்பதே அவற்றின் செய்தி. 2011-இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, ஒட்டிய வண்டிகளில் காப்பீட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகள் பாதியிலிருந்து மூன்றில் இரு பங்கு வரை குறைந்தன. திருப்பதி ஜீப்பில் பத்துப் பேர் அஞ்சியபடி கம்பியைப் பற்றிக்கொண்டு மௌனமாக அமர்ந்திருக்கின்றனர். தனித்தனியே அஞ்சுபவர்களுக்குப் பேசும் உரிமை உண்டென்று ஒரு தாள் கூறினால், எவரேனும் ஒருவர் பேசுகிறார். எதிரியின் ஹாரனுக்கு அடங்காத ஓட்டுநர், பின்னாலிருந்து ஒரு மூதாட்டி, 'அப்பா, மெதுவாகப் போ' என்று சொல்லும்போது அடங்குவதுண்டு.

இத்தனைக்கும் பின் ஒரு கேள்வி நிற்கிறது. அலிபிரியில் தண்டம் செலுத்துபவர் யார்? பெரும்பாலும் ஓட்டுநர், அதுவும் தன் பேட்டாவிலிருந்து. இத்தனை மணிக்குள் திரும்பி வா என்று தொலைபேசியில் விரட்டிய உரிமையாளரும், ஒரு நாளில் சென்னையிலிருந்து திருமலை, காளஹஸ்தி, காணிப்பாக்கம் மூன்றையும் காட்டித் திரும்புவதாக அறிவிப்பு வெளியிட்ட சுற்றுலா அமைப்பாளரும் அந்த வாயிலில் இல்லை. ஆனால் சட்டத்தில் அவர்களுக்கு இடம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு, வேக வரம்பை மீறி ஓட்டுபவனோடு, தன்னிடம் வேலை செய்பவனை அவ்வாறு ஓட்டச் செய்பவனையும் குற்றவாளியாக்குகிறது. மேலும், வேக வரம்பை மீறாமல் முடிக்க இயலாத பயணத்தை இந்நேரத்திற்குள் முடிக்க வேண்டும் என்று கால அட்டவணை வெளியிட்டாலோ கட்டளையிட்டாலோ, அவ்வட்டவணையே, அக்கட்டளையே, வெளியிட்டவர் குற்றம் செய்ததற்கு முதல் நோக்கிலான சான்றாகும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. சுற்றுலா அமைப்பாளரின் அச்சிட்ட நேர அட்டவணையையும், மலைப்பாதையின் 28 நிமிடத்தையும் 40 நிமிடத்தையும், ஃபாஸ்டேக் பதிவுகளையும் அருகருகே வைத்துக் கூட்டிப் பார்ப்பதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஒருவருக்கு ஒரு பிற்பகல் போதும்.